பழைய ஃபோர்டு எண்டேவர் 3.2 வாங்கிய கதை: தினசரி ஆபீசுக்கும் தாண்டிக்குடி மண் ரோட்டுக்கும் ஒரே வண்டி

கோயமுத்தூர் பீளமேட்டிலிருந்து சரவணம்பட்டி ஆபீசுக்குத் தினமும் போய்வர வேண்டும். மாதம் ஒருமுறை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாண்டிக்குடிக்கு மேலே இருக்கும் மாமாவின் காப்பித் தோட்டத்துக்கும் ஏற வேண்டும். தோட்டத்துக்குப் போகிற கடைசி நாலு கிலோமீட்டர் தார் கிடையாது. செம்மண், உருண்டைக் கல், மழை பெய்தால் குறுக்கே ஓடை. இரண்டு வண்டி வைத்துக்கொள்ள இடமும் இல்லை, காசும் இல்லை. கையில் 20 லட்சம். புது ஃபார்ச்சூனர் ஃபோர் வீல் டிரைவ் எடுக்க இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வேண்டும், அதனால் பழைய வண்டிதான் என்று போன ஆடியில் தேட ஆரம்பித்தேன், கார்த்திகையில்தான் முடிந்தது.

மனசு முதலில் போனது லேண்ட்ரோவர் டிஸ்கவரி 4 மேல். ஏர் சஸ்பென்ஷன், லோ ரேஞ்ச் (கரடுமுரடான மேட்டில் மெதுவாக, அதிக இழுவையோடு ஏற உதவுகிற தனி கியர்), உள்ளே உட்கார்ந்தால் வீட்டுக் கூடம் மாதிரி இருக்கும். 2012, 2013 மாடல் என் பட்ஜெட்டுக்குள் வந்தது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் எங்கள் மெக்கானிக் அண்ணாவிடம் கேட்டேன். அந்த 3.0 டீசல் எஞ்சினில் கிராங்க் பேரிங் போகிற பிரச்சினை உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம், பெரிய வேலை வந்தால் சில சமயம் பாடியையே சேஸிஸிலிருந்து தூக்க வேண்டியிருக்கும். "தம்பி, வண்டியை நீங்க வாங்கிருவீங்க. கோயமுத்தூர்ல இதை யாரு பார்ப்பாங்கன்னு முதல்ல சொல்லுங்க" என்றார். என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குத்தான் என் வரிசை தலைகீழாக மாறியது. எந்த வண்டி என்பதை விட்டுவிட்டு, யார் பார்ப்பார், பார்ட்ஸ் எத்தனை நாளில் வரும் என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

ஃப்ரீலேண்டர் 2-இல் லோ ரேஞ்ச் கிடையாது, அது அங்கேயே முடிந்தது. ஃபார்ச்சூனர் எதையும் தாங்கும், மறுவிலையும் நிற்கும், மறுக்கவே முடியாது. ஆனால் அதே வருடம், அதே கிலோமீட்டருக்கு நான் பார்த்த இடங்களில் எல்லாம் ஐந்து லட்சம் கூடுதலாகக் கேட்டார்கள். அதோடு ஒரு மதியம் முழுக்க அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வைத்து ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் முதுகைப் பிடித்துக்கொண்டது கண்ணாடியில் தெரிந்தது.

எண்டேவர் 3.2-இல் பின்னால் காயில் ஸ்பிரிங், பின் ஆக்ஸில் பக்கவாட்டில் ஆடாமல் பிடிக்கிற வாட்ஸ் லிங்கேஜ். அம்மா அதில் தூங்கியே விட்டார். ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன், 470 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை), 800 மில்லிமீட்டர் வரை தண்ணீரில் இறங்கலாம், பின் ஆக்ஸிலில் டிஃப் லாக் (ஒரு சக்கரம் சும்மா சுற்றினாலும் மற்றதும் சேர்ந்து சுற்றும்படி இரண்டையும் பூட்டுவது), ஸ்டியரிங் எலக்ட்ரிக் என்பதால் காந்திபுரம் நெரிசலில் ஒரு கையால் திருப்பலாம். 2020-இல் வந்த 2.0 லிட்டர், பத்து கியர் வண்டியும் நல்ல வண்டிதான், ஆனால் மேடு ஏறும்போது கீழ் வேகத்திலேயே இழுக்கிற அந்த 3.2-இன் குணம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் இருக்கிற பயம் எனக்கும் இருந்தது. மறைமலை நகரில் தயாரான வண்டி, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பார்ட்ஸ் கிடைக்காதோ என்ற அந்தப் பயத்தால்தான் விலையும் இறங்கியிருக்கிறது. நான் செய்தது இதுதான்: பிரேக் பேடு, ஈ.ஜி.ஆர். கூலர் (எஞ்சினுக்குத் திரும்பும் புகையைக் குளிர்விப்பது), முன்பக்க லோயர் ஆர்ம் (சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கை), இந்த மூன்றுக்கும் விலையும் வரும் நாளும் கேட்டு மூன்று பார்ட்ஸ் கடைகளுக்கு போன் போட்டேன். பேடு கையிருப்பு, மற்ற இரண்டும் ஒரு வாரத்துக்குள். இதே எஞ்சின் வெளிநாட்டில் ரேஞ்சரிலும் மாஸ்டா பி.டி. 50-யிலும் ஓடுவதால் உதிரி பாகம் வற்றிப் போகாது என்று ஒரு கடைக்காரர் சொன்னார். அதற்கப்புறம்தான் வண்டி பார்க்கவே கிளம்பினேன்.

மொத்தம் ஆறு வண்டி பார்த்தேன். முதல் வண்டி சென்னையில். பெயிண்ட் பளபளவென்று, சீட் கவர் புதுசு, விலை இரண்டு லட்சம் குறைவு. அண்ணா சொல்லி அனுப்பியபடி டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்தேன். நாம் சாதாரணமாக இழுக்கிற நீளம்வரை கறுப்பாக, சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம் காவிநிறத்தில் ஒரு கோடு, அதைத் தாண்டிப் பட்டை முழுக்க மொரமொரவென்று காய்ந்த சேறு. சீட் தண்டவாளத்து போல்ட்டில் துரு. ஜாக்கி வைக்கிற குழியில் விரலை விட்டால் வண்டல் மண் மாவு மாதிரி ஒட்டியது. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் கழுத்துவரை நின்ற வண்டி என்று சொல்ல எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை. விற்பவரிடம் கேட்டேன், அவர் பேச்சை மாற்றினார். கிளம்பி வந்துவிட்டேன்.

டெல்லி வண்டிகள் மலிவாக வருவதற்குக் காரணம், அங்கே பத்து வருடத்துக்கு மேற்பட்ட டீசலுக்கு இருந்த தடை. வாங்கினால் அங்கிருந்து என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று), இங்கே மறுபடி ஆயுள் வரி, எல்லாம் கூட்டிப் பார்த்தால் மிச்சம் ஒன்றும் பெரிதாக இல்லை. சேலத்தில் ஒரு வண்டி. காலை ஆறரைக்கு வருகிறேன், ஸ்டார்ட் பண்ணாமல் வையுங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன், போய் பானட்டில் கை வைத்தால் சுட்டது. குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும் சத்தத்தை மறைக்க ஒருவருக்கு அவசியம் இருக்கிறது என்றால் மேலே பார்க்க எதுவும் இல்லை. மற்ற இரண்டில் ஒன்றுக்கு சர்வீஸ் பில்லே இல்லை, இன்னொன்று ஃபோர் லோவில், அதாவது நான்கு சக்கரமும் இழுக்கிற லோ ரேஞ்சில், விழவே இல்லை. நின்று, நியூட்ரலில் வைத்து, பட்டனை அழுத்தினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூடப் போட்டிருக்க மாட்டார்கள் போல. மண்ணில் இறங்கப் போகிறவர்கள் இந்தச் சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள், ரோட்டில் எவ்வளவு ஓட்டினாலும் இது தெரியாது.

ஆறாவது பொள்ளாச்சியில். ரிட்டயர்டு டாக்டர் ஒருவருடைய 2018 டைட்டானியம், 71,000 கிலோமீட்டர், முதல் ஓனர். "வாங்க தம்பி, சாவி அங்க இருக்குதுங்க, நீங்களே எடுங்க" என்றார். பானட் ஜில்லென்று இருந்தது. பில் எல்லாம் ஒரு ஃபைலில். அண்ணா ஸ்கேனர் போட்டார், அடியில் படுத்து டார்ச் அடித்தார், ஃபோர் லோ போட்டார், டிஃப் லாக் போட்டார். முன் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருந்தது. நான்கு டயரும் 2018-லேயே தயாரானவை, ஓரத்தில் இருக்கும் நாலு இலக்க எண்ணின் கடைசி இரண்டும் 18. மேலே இருக்கும் ரப்பர் பட்டன் அதிகம் தேயாவிட்டாலும் டயருக்கு வயசாகிவிட்டது. இந்த இரண்டுக்குமாக ஒன்றரை லட்சம் குறைத்து 18 லட்சத்து 40 ஆயிரத்துக்கு முடிந்தது.

ஃபைலில் அண்ணா தேடியது ஆயில் மாற்றிய பில்களை. எனக்குப் புரியவில்லை, அப்புறம் அவரே விளக்கினார். 3.2 எஞ்சினில் பழைய ஆயிலை வடியவிட்டுப் பத்து நிமிஷத்துக்கு மேல் அப்படியே விட்டால், ஆயில் பம்ப் காய்ந்து போய் மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஆயிலை இழுக்காது. பிரஷர் இல்லாமல் எஞ்சின் சுற்றும், போய்விடும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று நினைக்கிற கடையில் இந்த வண்டியை விடவே கூடாது. முதல் சர்வீசை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். புது ஆயில் கேன்களை மூடி திறந்து வரிசையாக வைத்துவிட்டுத்தான் போல்ட்டைக் கழற்றினார், பையன் கையில் போன் ஸ்டாப்வாட்ச், ஃபில்டரும் கையோடு மாற்றி, எட்டாவது நிமிஷம் புது ஆயில் உள்ளே போய்விட்டது.

பேப்பர் வேலையில் ஒரு இழுபறி. டாக்டர் கடனை 2021-லேயே கட்டிவிட்டார், ஆனால் ஆர்.சி.யில் பேங்க் பெயர் நீங்கவில்லை. பழைய என்.ஓ.சி. செல்லாது என்று புதுசு வாங்கி, படிவம் 35 போட்டு நீக்க 18 நாள் ஆனது. அதுவரை 50,000 அட்வான்ஸ் மட்டும், மீதி ஆர்.சி. சரியான பிறகு என்று எழுதிக்கொண்டோம், அவரும் முகம் சுளிக்கவில்லை. அதற்கப்புறம் பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்சையும் 14 நாளுக்குள் நம் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். அவருடைய நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தை நாம் கட்ட வேண்டும்.

மார்கழியில் தோட்டத்துக்குப் போனோம். முந்தின ராத்திரி மழை. மண் ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் டயர் காற்றை 22 பி.எஸ்.ஐ.-க்கு இறக்கினேன். ஓடையைத் தாண்டியதும் வரும் வளைவில் இடது பின் சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு சும்மா சுற்றியது. ஃபோர் லோவில்தான் இருந்தேன், டிஃப் லாக் பட்டனை அழுத்தினேன். ஒரு "டக்", வலது சக்கரம் மண்ணைக் கடித்தது, ஆக்ஸிலேட்டரை அழுத்தாமலே நடக்கிற வேகத்தில் மேலே வந்துவிட்டது. அம்மா ஜன்னலை இறக்கி, காப்பிச் செடி எல்லாம் நல்லா காய்ச்சிருக்குதே என்றார்.

ஊருக்குள் லிட்டருக்கு எட்டரை, ஹைவேயில் பதினொன்று கொடுக்கிறது. லோயர் ஆர்ம் மாற்றியாகிவிட்டது, டயரை ஆல் டெரெய்னாகப் போட்டேன், ரோட்டில் லேசாக இரைச்சல் வருகிறது. ஆபீஸ் பேஸ்மெண்டில் மட்டும் தூணை ஒட்டிய இடம் கிடைத்தால் இரண்டு தடவை வெட்டித் திருப்ப வேண்டியிருக்கிறது.