எஸ்டீமுக்கு ஆயில் சேம்பர்: ஆழம் கூட்டாமல் கதவு வைத்த கதை

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் 'சி ஒன்' என்கிற திருப்பத்தில் ஆக்ஸிலரேட்டரை விடாமல் போயும் ஆயில் பிரஷர் முள் விழவில்லை. முன்பெல்லாம் 60 பிஎஸ்ஐயை ஒட்டி நிற்கும் முள், அந்தத் திருப்பத்தின் நடுவில் 20-க்கும் கீழே போய்விட்டுத் திரும்பி வரும். இந்த முறை 50-ஐ விட்டு இறங்கவே இல்லை. புது சேம்பர், அதாவது எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி, ஜெயித்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

வண்டி 1298 சிசி ஜி13 எஞ்சின் மாருதி எஸ்டீம். டிராக்குக்கு மட்டும் என்றால் டிரை சம்ப் (ஆயிலைத் தனித் தொட்டியில் வைக்கும் அமைப்பு) போட்டு முடித்துவிடலாம், பணம்தான் கேள்வி. இதுவோ வாரம் முழுக்க வியாசர்பாடி, மாதவரம், எண்ணூர் நெடுஞ்சாலை என்று கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஓடுகிற வண்டி. கணேசபுரம் சுரங்கப்பாதையிலும் இறங்கி ஏற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை டிராக்கிலும் ஓட வேண்டும். சேம்பர் தேர்வே இந்த இழுபறியில்தான் இருக்கிறது.

திருப்பத்தில் 1 ஜி (புவியீர்ப்புக்குச் சமமான) பக்கவிசை வந்தால் ஆயிலின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். சாதாரண ரோடு டயரில் 0.8 ஜி என்று வைத்தாலும் 39 டிகிரி வருகிறது. நம் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்திருப்பதால், திருப்பத்தில் ஆயில் கிராங்கின் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) நீளவாக்கில் ஓடும், பிரேக் பிடித்தால் முன்சுவரில் ஏறும். இரண்டிலும் ஸ்ட்ரெய்னர் (பம்ப் ஆயிலை உறிஞ்சும் வலை வைத்த குழாய்) வாய் வெளியே தெரிந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். டேஷ்போர்டில் இருக்கும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பவே கூடாது. பிரஷர் அநேகமாக இல்லாமல் போன பிறகுதான் அது எரியும், அதற்குள் பேரிங் தேய ஆரம்பித்திருக்கும். சேம்பருக்குச் செலவு செய்வதற்கு முன் ஆயில் பிரஷர் கேஜ் போடுங்கள்.

அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிச் சமாளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மட்டம் ஏறி கிராங்க் ஆயிலை அடித்தால் நுரைதான் மிச்சம், நுரை பேரிங்கைத் தாங்காது. அப்புறம் ரெடிமேட் சேம்பர். ஒரு கடைக்காரர் 50 மிமீ ஆழம் கூட்டியதை நீட்டி, "லிட்டர் கூடினா போதும் சார்" என்று விடாமல் சொன்னார். உள்ளே ஒரு தடுப்புகூட இல்லை. கூடுதல் ஆயிலும் சேர்ந்து சாயப்போகிறது, அவ்வளவுதான். அந்த ஆழத்தோடு எங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கரைத் தாண்டினால் சேம்பர் அங்கேயே தங்கிவிடும். அலுமினிய வார்ப்பும் வேண்டாம் என்றேன். இரும்புத் தகடு கல்லில் பட்டால் நசுங்கும், வார்ப்பு விரிசல் விட்டுவிடும். நசுங்கினால் வீடு வந்து சேரலாம்.

எனவே புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் சேம்பர் ஒன்று வாங்கி, ஆழத்தைத் தொடாமல், எக்ஸாஸ்ட் பைப்பும் டிரைவ் ஷாஃப்டும் படாத பக்கத்தில் ஒரு பெட்டி சேர்த்தேன். 20 x 8 x 5 செமீ, அதாவது 0.8 லிட்டர். பெட்டி முழுக்க ஆயில் மட்டத்துக்குக் கீழேயே இருப்பதால் பழைய டிப்ஸ்டிக் கோடு அப்படியே செல்லும். உள்ளே ஸ்ட்ரெய்னரைச் சுற்றி 1.6 மிமீ தகட்டில் நாலு சுவர், ஒவ்வொன்றிலும் மேலே கீல் வைத்த சின்னக் கதவு. ஆயில் உள்ளே வர மட்டும் கதவு திறக்கும், வெளியே ஓடப் பார்த்தால் சாத்திக்கொள்ளும். மேல்மூடித் தகட்டில் ஆயில் திரும்பி வடிய ஓட்டைகள் தாராளமாக இருக்க வேண்டும். கீல்களை பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் தேடி எடுத்தேன். ஊசி கழன்று விழாத மாதிரி இரண்டு முனையும் தட்டி அடைத்தது முக்கியம்.

இனி ஸ்ட்ரெய்னர் இடைவெளி. இத்தனை வேலையில் என்னை அதிகம் ஆட்டிவைத்தது இதுதான். ஸ்ட்ரெய்னர் வாய்க்கும் சேம்பர் அடித்தளத்துக்கும் 6 முதல் 9 மிமீ வேண்டும். குறைந்தால் ஆயில் வர வழியில்லை, கூடினால் வண்டி சாயும்போது வாய் சீக்கிரம் வெளியே வந்துவிடும். வெளியே வைத்து ஸ்கேலில் அளப்பது பிரயோஜனமில்லை, பேக்கிங் தடிமனும் கணக்கில் வர வேண்டும். பிள்ளைகள் விளையாடும் கிளேயை உருட்டி ஸ்ட்ரெய்னர் வாயில் ஒட்டுங்கள். சேம்பர் அடியில் துளி ஆயில் தடவுங்கள், இல்லாவிட்டால் கிளே பிய்ந்து வரும். பேக்கிங்கோடு மாட்டி, எல்லா போல்ட்டையும் முறுக்கி, கழற்றுங்கள். அமுங்கிய கிளேயை பிளேடால் வெட்டி வெர்னியரில் வைத்தால் உண்மையான அளவு வரும். எனக்கு முதலில் வந்தது 11. ஸ்ட்ரெய்னர் தாங்கியின் கீழ் வாஷரை மாற்றி மாற்றி 8.5-க்குக் கொண்டு வந்தேன். அதற்கும் குறைக்கவில்லை. ரோட்டில் கல் பட்டு அடி 3 மிமீ நசுங்கினாலும் 5.5 மிஞ்சும். சேம்பருக்கு அடியில் காப்புத் தகடும் தனியாக உண்டு.

வெல்டிங்கை எங்கள் பக்கத்துப் பட்டறை அண்ணன் பார்த்துக்கொண்டார். "தம்பி, ஓரம் வளையக் கூடாதுன்னா பழைய பிளாக்குல முறுக்கிட்டுக் குடு" என்றார். குப்பைக்குப் போக இருந்த பிளாக்கில் எல்லா போல்ட்டும் போட்டு, விட்டு விட்டு ஆர்கான் வெல்டிங் வைத்தார். இறக்கிக் கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்தேன், ஓரம் நேராக உட்கார்ந்தது. கசிவு பார்க்க வெளிப்பக்கம் சுண்ணாம்பு பூசிக் காயவிட்டு, உள்ளே டீசல் ஊற்றி இரவு முழுக்க வைத்தோம். பெட்டி மூலையில் ஊசிமுனை அளவு ஈரம் தெரிந்தது, அதை மட்டும் திரும்ப அடைத்தார். உள்ளே பெயிண்ட் கூடவே கூடாது, உரிந்து வந்தால் நேராக ஸ்ட்ரெய்னர் வலையில்தான் போய் நிற்கும். வெல்டிங் குருணைகளை ஒயர் பிரஷ்ஷால் சுரண்டி எடுத்துக் கழுவவும் ஒரு பொழுது ஆனது. மாட்டும்போது பேக்கிங்கோடு மூலைகளில் மட்டும் அனபாண்ட் பசை வைத்தேன்.

இந்த ஊருக்கு ரேஸ் புதிதில்லை. 1990-இல் இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் எல்லாம் நம் பக்கத்துச் சோழவரம் விமான ஓடுதளத்தில்தான். அந்தக் காலத்தில் வேலை பார்த்த மெக்கானிக் ஒருவரிடம் சேம்பரைக் காட்டினேன். கதவுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ரெய்னர் எவ்ளோ?" என்று மட்டும் கேட்டார். 8.5 என்றதும் தலையாட்டினார்.

அடுத்து ஆயில் டெம்பரேச்சர் சென்சார். பெட்டிச் சுவரில் அதற்கான திருகுமரை லேத்தில் கடைந்து வைத்தாயிற்று, சென்சார்தான் வர வேண்டும். ஆயில் எவ்வளவு சூடாகிறது என்று தெரிந்த பிறகு ஆயில் கூலர் பற்றி யோசிப்பேன். கோவை கரி ரேஸ் டிராக்குக்குப் போகும் முன் அக்யூசம்பும் (பிரஷர் விழும்போது சேமித்த ஆயிலை எஞ்சினுக்குத் தள்ளும் உருளை) பார்க்கலாம் என்று ஆசை, விலை விசாரிக்கிறேன். அதற்கு முன்னால் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கில் துளித்துளியாகக் கசிவு இருக்கிறது. செம்பு வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், அடுத்த ஆயில் மாற்றும்போது போட வேண்டும்.