கையைப் பாருங்கள்

உசிலம்பட்டி, மேலூர் பக்கத்துக் கிராமங்களில் பார்வைக் குறைபாடுள்ள சின்னஞ்சிறு பிள்ளைகளை வீட்டுக்கே போய்ப் பார்ப்பது என் வேலை. பிள்ளைக்கு டீச்சர் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நான் அதிகம் பேசுவது அம்மாவிடமும் அப்பத்தாவிடமும்தான்.

பல வீடுகளில் முதலில் வருகிற குறை இதுதான்: "நான் கிட்டப் போனா, காலை உதைச்சுச் சிரிக்க மாட்டேங்குது டீச்சர். கல்லு மாதிரி கிடக்கு. என்னையப் பிடிக்கலையோ?"

கேட்கும்போதே மனசைப் பிசையும். பார்வையுள்ள குழந்தை அம்மா முகத்தைக் கண்டதும் துள்ளும். பார்வையில்லாத குழந்தைக்கு அம்மா வருவது காலடிச் சத்தத்தில், கொலுசில், வளையலில். அதை விட்டுவிடக் கூடாதென்று உடம்பை அடக்கிக் காது கொடுக்கிறது. செக்கானூரணிப் பக்கம் ஒரு வீட்டில், தொட்டிலிலிருந்து தள்ளி நின்று பேசச் சொன்னேன். குழந்தையின் முகத்தில் மாற்றமே இல்லை. விரல்கள் மட்டும் மெல்ல விரிந்தன, மூடின, மறுபடி விரிந்தன. "முகத்தை விடுங்கம்மா, கையைப் பாருங்க" என்றேன். அந்த அம்மா பேச்சை நிறுத்தினார், விரல்களும் நின்றன. மறுபடி கூப்பிட்டார், விரிந்தன. அப்புறம் அவர் நிறுத்தவே இல்லை.

கிலுகிலுப்பை விஷயமும் அப்படித்தான். பார்வையுள்ள குழந்தை நாலைந்து மாதத்தில் பொருளை எட்டிப் பிடிக்கும். சத்தத்தை மட்டும் வைத்து, அங்கே ஒரு பொருள் இருக்கிறது என்று புரிந்து கை நீட்டப் பார்வையில்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் ஒரு வயது நெருங்கிவிடும். தவழ்வதும் அதனாலேயே தள்ளிப்போகிறது. இதை மூளை மந்தம் என்று அக்கம்பக்கத்தார் முடிவுகட்டுவதுதான் எனக்குத் தாங்கவில்லை. கிலுகிலுப்பையை முதலில் உடம்பில் படவையுங்கள், பிறகு ஆட்டுங்கள். தூக்குமுன் "சாமி, தூக்கப் போறேன்" என்று சொல்லித் தோளைத் தொடுங்கள். திடீரென்று அந்தரத்தில் போனால் யாருக்குத்தான் பயமிருக்காது?

பாசமும் சில நேரம் குறுக்கே நிற்கும். வாழைப்பழத்தை உரித்துப் பிசைந்தே ஊட்டி வளர்த்த பிள்ளைக்கு, பழத்துக்குத் தோல் இருப்பதே தெரியாமல் போகும். சீப்பைக் கையில் கொடுங்கள், அதுவே பிய்க்கட்டும். அதன் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். உங்கள் கை கீழே, அதன் கை மேலே. வேண்டாமென்றால் கையை எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு இருக்கட்டும்.

கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கிற பிள்ளைகளும் நிறைய. சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு அவர்களுக்குத் தெரியாது. அடர்ந்த நிறத்தட்டில் போட்டால் தானே எடுத்துச் சாப்பிடும்.

1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் மதுரை. கண்ணென்றால் எங்கே போவது என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எப்போது போவது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. 34 வாரத்துக்கு முன்போ, 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை நடந்தாக வேண்டும். பிறவிக் கண்புரையும் காத்திருக்காது. முதல் மாதங்களிலேயே கவனிக்காமல் விட்டால், பிறகு அறுவை செய்தாலும் பார்க்கப் பழக மூளை சிரமப்படும். சிகிச்சையில் இனி வழியில்லை என்று டாக்டர் சொன்ன பிள்ளையை "பெரிசானதும் பாத்துக்கலாம்" என்று வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். மூன்று வயதுவரை ஓடுகிற அந்தக் காலம் திரும்பக் கிடைக்காது.

இப்போது மேலூர்ப் பக்கத்தில் ஒரு சிறுமியைப் பால்வாடிக்கு அனுப்பச் சொல்லி மன்றாடிக்கொண்டிருக்கிறேன். பால்வாடி டீச்சர் சம்மதித்துவிட்டார். பாயும் தண்ணீர்க் குடமும் தினமும் அதே இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதாக ஆயாவும் சொல்லியிருக்கிறார். அப்பத்தாதான் மசியவில்லை. "விழுந்து வச்சா?" என்கிறார். முதல் வாரம் நீங்களும் கூடவே வந்து உட்காருங்கள் என்று கேட்டிருக்கிறேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.