உப்பு வந்த ஊருக்கு: வேதாரண்யத்தில் மூன்று நாட்கள்

ஏப்ரல் 27, 2024, சனி. திருச்சி

அப்பாவுக்கு எழுபது வயதாகிறது. உறையூர்த் தெருக்களில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தள்ளுவண்டியில் உப்பு விற்றவர். அவர் விற்ற உப்பில் பெரும்பகுதி வேதாரண்யத்திலிருந்து மூட்டை மூட்டையாக வந்தது. ஆனால் அந்த ஊரை அவர் இதுவரை பார்த்ததில்லை. வண்டியை ஒருநாள் நிறுத்தினால் அன்றைய அடுப்பு எரியாது என்ற நிலையில், பார்க்க வேண்டும் என்ற எண்ணத்தையே அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. சென்ற வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான், "அந்த உப்பளத்தை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் போதும்" என்றார்.

தையல் வேலையில் மிச்சம் பிடித்த 2,000 ரூபாய் என்னிடம் இருக்கிறது. இருவருக்கும் போக்குவரத்து, தங்கல், சாப்பாடு அனைத்தும் அதற்குள் முடிய வேண்டும். புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 28, ஞாயிறு. வேதாரண்யம்

காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, தஞ்சாவூரில் ஒன்றும் திருத்துறைப்பூண்டியில் ஒன்றுமாகப் பேருந்து மாறி, நண்பகலுக்கு முன்பே வந்து சேர்ந்தோம். இருவருக்கும் சேர்த்துக் கட்டணம் 230 ரூபாய் ஆயிற்று.

1930இல் இராஜாஜியும் தொண்டர்களும் உப்புச் சத்தியாகிரகத்துக்காகத் திருச்சியில் ஏப்ரல் 13 அன்று புறப்பட்டு, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக நடந்தே வந்து, ஏப்ரல் 28 அன்றுதான் வேதாரண்யத்தை அடைந்தார்கள். நாங்களும் அதே தேதியில் வந்திறங்கியது தற்செயல்தான் என்றாலும், பதினைந்து நாள் அவர்கள் நடந்த தொலைவை அரை நாளில் கடந்துவிட்டோம் என்று நினைத்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது. தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று அன்றைய தஞ்சாவூர் ஆட்சியர் தார்ன் அறிவித்திருந்தார். ஊர்மக்களோ சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுத் தொண்டர்களின் பசியாற்றினார்கள். இதை நான் அப்பாவுக்குச் சொன்னபோது, எங்கள் புளிசோற்றுப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சாலையோரப் புளியமரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

முதலில் நுழைந்த விடுதியில் ஓர் இரவுக்கு 1,200 ரூபாய் கேட்டார்கள். கோயில் பக்கத்துத் தெருவில், மின்விசிறியும் பொதுக் குளியலறையும் கொண்ட ஓர் அறை 450 ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டு இரவுக்கு 900. பணத்தில் பாதிக்கு மேல் முதல் நாளிலேயே போய்விட்டது எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஆனால் அறை சுத்தமாக இருந்தது; குடிநீர்ப் பானையில் வெட்டிவேர் போட்டு வைத்திருந்தார்கள்.

மாலையில் கோயிலுக்குப் போனோம். திருமறைக்காடு என்பதே இவ்வூரின் பழம்பெயர். மறைகள் பூசித்து அடைத்துவிட்டுப் போன கதவை அப்பர் பாடித் திறந்தார், சம்பந்தர் பாடி மூடினார் என்பது தலவரலாறு. அம்மனின் பெயர் யாழைப் பழித்த மொழியாள். அம்மனின் குரல் யாழினும் இனியது என்பதால், இங்குள்ள சரஸ்வதி கையில் வீணை இல்லை, சுவடிதான் இருக்கிறது. 'வேதாரண்யம் விளக்கழகு' என்ற சொலவடையை அப்பா சிறு வயதிலிருந்தே அறிவார். அணைய இருந்த விளக்கின் திரியை, நெய் குடிக்க வந்த எலி தன்னையறியாமல் தூண்டிவிட்டு, அந்தப் புண்ணியத்தால் மறுபிறவியில் மாவலிச் சக்கரவர்த்தியானது என்ற கதையை எனக்குச் சொன்னவரும் அவர்தான். இன்று சந்நிதியில் நின்றபோது மீண்டும் ஒருமுறை அதைச் சொன்னார். நான் முதல்முறை கேட்பவளைப் போலக் கேட்டேன்.

இரவு இட்லி, 70 ரூபாய்.

ஏப்ரல் 29, திங்கள். கோடியக்கரை

விடியற்காலையில் கடைத்தெரு முழுவதும் முல்லைப்பூ மணம். இந்த வட்டாரத்தின் மணற்பாங்கான நிலத்தில் முல்லை ஒரு பெரிய பயிர். கூடைகளை ஈரத்துணியால் மூடிப் பேருந்துக் கூரையில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கோடியக்கரைக்கு நகரப் பேருந்தில் எனக்குக் கட்டணமில்லை. அப்பாவுக்கு மட்டும் 10 ரூபாய். பெண்களுக்கான இந்தச் சலுகை இல்லாமலிருந்தால் நாளைய ஆட்டோவுக்கு நான் தயங்கியிருப்பேன். கையில் எண்ணிக் காசு வைத்துக்கொண்டு பயணம் செய்பவர்களுக்குப் பத்து ரூபாய் என்பது ஒரு வேளைத் தேநீர். அது மிஞ்சுவதன் அருமை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்தக் காட்டின் உள்ளே, வெளிமான்கள் மேயும் புல்வெளி வரை போவதற்கு வண்டி அமர்த்த வேண்டும். 600 ரூபாய் கேட்டார்கள். நான் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அப்பா, "மானை நாம் வண்டலூரில் பார்த்தாயிற்று அம்மா, நமக்கு நாளைக்கு அளம் இருக்கிறது" என்று முடித்துவிட்டார். பூநாரைகளைக் காண விரும்புகிறவர்கள் மார்கழி, தை மாதங்களில் வர வேண்டும். சித்திரையில் பெரும்பாலான வலசைப் பறவைகள் போய்விடுகின்றன. காட்டின் ஓரத்தில் மொட்டையாக நின்ற மரங்களைக் காட்டி, இவை 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலில் முறிந்தவை என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னார். தென்னையும் மாவும் வேரோடு போய், அளங்களில் சேறு நிரம்பி, இந்தப் பகுதி மீண்டெழ ஆண்டுகள் ஆயின. அவர் வீட்டு மாமரம் ஒன்று மட்டும் சாய்ந்தபடியே மறுபடி தளிர்த்து, இந்த ஆண்டு காய்த்திருக்கிறதாம்.

தமிழகக் கரை வடக்கு தெற்காக வந்து, சட்டென்று மேற்கே திரும்பும் முனை இது. ஊர்ப்பெயரில் உள்ள 'கோடி'க்குப் பொருள் அங்கே நின்றால் விளங்குகிறது. ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் பாக் நீரிணை. சோழர் காலத்தது என்று சொல்லப்படும் பழைய கலங்கரை விளக்கம் 2004 ஆழிப்பேரலையில் இடிந்து, செங்கற்குவியலாகக் கிடக்கிறது. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்பதால் கரை அமைதியாக இருந்தது. சிறு படகுக்காரர்கள் கொண்டுவந்த மத்தி மட்டும் விற்பனைக்கு இருந்தது. மத்திக் குழம்புடன் இருவருக்கும் மதியச் சாப்பாடு 140 ரூபாய்.

திரும்பி வந்தபின், நாளை உப்பு வாரும் அளம் ஒன்றைத் தேநீர்க்கடையில் விசாரித்தோம். "நான்கு மணிக்கு வந்துவிடுங்கள், வெயில் ஏறினால் நாங்களே நிற்கமாட்டோம்" என்றார் அங்கே நின்ற ஒரு பெண்மணி. அவர் அகஸ்தியம்பள்ளி அளத்தில் வேலை செய்கிறவர்.

ஏப்ரல் 30, செவ்வாய். அகஸ்தியம்பள்ளி

ஆட்டோவுக்கு 100 ரூபாய். நாங்கள் போய் இறங்கியபோது தேய்பிறை அரைநிலவு தலைக்கு மேல் நின்றது. அந்த வெளிச்சத்தில் பாத்திகள் வரப்பு வரப்பாக, வெள்ளோட்டுத் தகடுகளைப் பரப்பியதுபோல் கிடந்தன. முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒலி மட்டும் கேட்டது. நீண்ட கழியில் பூட்டிய மரப்பலகையால் பாத்தியின் அடியில் படிந்த உப்பை உடைத்து இழுக்கும்போது எழும் அந்த ஒலி, அரிசியை முறத்தில் புடைப்பது போன்றது; ஆனால் அதைவிடக் கனமானது.

நேற்றுச் சந்தித்த அக்கா எங்களைக் கண்டதும் கையசைத்தார். கால்களில் பழைய காலுறைகளை அணிந்து, அதன்மேல் நெகிழித்தாளைச் சுற்றிக் கட்டியிருந்தார். அப்படியும் குதிகால் வெடிப்புகளில் உப்புநீர் ஏறினால் இரவெல்லாம் எரியும் என்றார். பகலில் வெள்ளைப் பரப்பின் கூச்சம் கண்ணைக் கெடுக்கிறது. மழைக்காலத்தில் வேலையே இல்லை. இதை அவர் முறையிடுவதுபோலச் சொல்லவில்லை. நாங்கள் கேட்டதால் சொன்னார். நாம் ஒரு சிட்டிகை என்று எடுத்துப்போடும் பொருளுக்குப் பின்னால் இந்தக் கால்கள் இருக்கின்றன என்பதை இத்தனை வயதுவரை நான் யோசித்ததே இல்லை.

அளத்தைக் கவனித்துக்கொள்ளும் பெரியவர் ஒருவர் அப்பாவுடன் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்டவிட்டு, உப்புநீரின் அடர்த்தியைக் காட்டும் பாமானியில் 24, 25 பாகை வரும்போது உப்பு பூக்கத் தொடங்குகிறது. 29 பாகையைத் தாண்டவிட்டால் கசப்பு ஏறும். ஆகவே அதற்குள் உப்பை வாரிவிட்டு, மிஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். அந்த மிச்சநீரில் இருக்கும் மக்னீசிய உப்புகளே கசப்புக்குக் காரணம். அப்பா, "அப்படியானால் மூட்டையில் அடியில் வடியுமே, அதுதானா?" என்று கேட்டார். "அதேதான் ஐயா" என்றார் பெரியவர். அப்பாவின் முகத்தில் அப்போது தோன்றிய நிறைவை நான் நெடுநாள் மறக்கமாட்டேன். அந்தக் கேள்வியை அவர் முப்பது ஆண்டுகளாகச் சுமந்திருக்கிறார்.

வரப்பில் குவித்திருந்த உப்பில் ஒரு கல்லை எடுத்து, விரல்களுக்கிடையில் உருட்டி, நிலவுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். கல் கனச்சதுரமாக, நடுவில் சிறு குழியுடன் இருந்தது. "பருமன் நன்றாக இருக்கிறது தாயி, படியில் அளந்தால் கோபுரமாக நிற்கும்" என்று அக்காவிடம் சொன்னார். அவர் காலத்தில் உப்பைப் படியால்தான் அளப்பார்கள். சில வீடுகளில் காசுக்குப் பதில் நெல் கொடுப்பார்கள். பொட்டல உப்பு பரவியதும் அந்த வழக்கம் தேய்ந்தது. 2006இல் அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு நாடு முழுவதும் தடை வந்தபோது, அப்பா வண்டியை விற்றார். பிள்ளைகளின் உடல்நலத்துக்கு அந்தத் தடை நல்லது என்றுதான் அவரும் சொன்னார். ஆனால் வண்டி போன அன்று அவர் சாப்பிடவில்லை.

எட்டு மணிக்கெல்லாம் வெயில் சுட்டது. உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணுக்கு நடந்தோம். 1930இல் இதே நாளில் இங்குதான் இராஜாஜி உப்பை அள்ளிக் கைதாகி, ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தொண்டர்களுக்குத் துணைநின்ற இவ்வூர் சர்தார் வேதரத்தினம் பிள்ளை தம் சொத்துகளை இழந்தார். முகம் மழித்துக்கொள்ள உட்கார்ந்தவர் காவலர் என்று தெரிந்ததும் பாதியிலேயே கத்தியைக் கீழே வைத்துச் சிறைக்குப் போன வைரப்பன் என்ற நாவிதரும் இவ்வூர்க்காரரே. பெரிய தலைவர்களின் பெயர்களோடு அவர் பெயரும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்பது என் விருப்பம். மாலையிட வருவார்கள் என்றார்கள். நாங்கள் நின்றபோது யாரும் வரவில்லை. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

அக்கா தந்த உப்பு ஒரு துணிப்பையில் இருக்கிறது, ஐந்து கிலோ இருக்கும். காசு வாங்க மறுத்துவிட்டார். "உப்பு விற்ற ஐயாவிடம் உப்புக்குக் காசா?" என்றார்.

அகஸ்தியம்பள்ளியிலிருந்து இரயிலில் திரும்பினோம். ஒருகாலத்தில் உப்பு மூட்டைகள் ஏறிய நிலையம் இது. அகலப்பாதையாக மாற்றப்பட்ட 37 கிலோமீட்டர் தடம் 2023 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது. திருத்துறைப்பூண்டி வரை ஒருவருக்கு 10 ரூபாய். அங்கிருந்து பேருந்தில் இருவருக்கும் 170.

மே 1, புதன். திருச்சி

கணக்கு முடித்தேன். சிறு சாப்பாட்டுச் செலவுகள் எல்லாம் போக 50 ரூபாய் மிஞ்சியிருக்கிறது.

துணிப்பை இரவோடு இரவாகத் தரையை நனைத்துவிட்டது. ஜாடியில் கொட்டப் போனேன், அப்பா தடுத்தார். "புது உப்பு அம்மா, வடிய வேண்டும். ஊறுகாய்க்கு ஓராண்டு கிடந்த உப்புதான் ருசி" என்று சொல்லிப் பையை அடுக்களை ஆணியில் மாட்டி, கீழே ஒரு வட்டிலை வைத்தார். துளி துளியாக வடிந்துகொண்டிருக்கிறது. ஒரு துளியை விரலில் தொட்டு நாவில் வைத்துப் பார்த்தேன். கசந்தது.