தீபாவளிக்கு வாங்கிய துண்டு

மின்சார ரயிலில் கு. அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' சிறுகதையைப் படித்து முடித்தேன். இறங்க வேண்டிய நிலையம் வந்தும் எழுந்திருக்க மனமில்லை.

ஓர் அநாதைச் சிறுவன். உடம்பெல்லாம் சிரங்கு. தீபாவளிக்குத் தன் பிள்ளைகளோடு அவனையும் குளிப்பாட்டிவிடுகிறாள் தாயம்மாள்.

சரி, உடுத்த?

கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த புதுத் துண்டை எடுத்துக் கொடுக்கிறாள். இருப்பவர்கள் கொடுப்பது வேறு. இந்த வீட்டில் இன்னொரு துண்டு வாங்க வழியில்லை. ஆனாலும் அழகிரிசாமி குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

இந்த வருடம் முழுக்க இப்படித்தான். பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்விகளாக மட்டும் தெரிந்த பெயர்கள் ஒவ்வொன்றாக மனிதர்களாகிறார்கள்.

புதுமைப்பித்தனின் கதையில் கடவுள் சென்னைக்கு வந்து, கந்தசாமிப் பிள்ளையோடு சிக்கரி கலந்த காபி குடிக்கிறார். என்ன ஒரு கற்பனை! எழுதியவர் 1948-ல், 42 வயதில் போய்விட்டார். அழகிரிசாமி 1970-ல், 46 வயதில். சாகித்ய அகாதெமி விருது அப்புறம்தான் வந்தது. இருவருக்கும் இன்னும் இருபது வருடமாவது கிடைத்திருக்கக் கூடாதா?

அடுத்து கு.ப. ராஜகோபாலனின் கதைகள். நூலகத்தில் சொல்லி வைத்திருக்கிறேன்.

தி. ஜானகிராமனை எங்கே தொடங்கலாம், நாவலா சிறுகதையா? படித்தவர்கள் சொல்லுங்கள்.