திருவண்ணாமலைக்கு மரம் நடப் போகிறவர்கள் பிப்ரவரியில் போங்கள்

பௌர்ணமி அன்று மட்டும் போய்விடாதீர்கள். கிரிவலக் கூட்டத்தால் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அங்கிருந்து ரமணாசிரமத்துக்கு ஆட்டோக்காரர் 300 ரூபாய் கேட்கிறார். கைக்காசைப் போட்டுத் தொண்டு செய்ய வருகிறவர்களிடம் இது அநியாயம். மற்ற நாளில் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம்.

ஆசிரமத்தின் பின்புறமிருந்து, அருணாசல மலைமேல் ரமணர் வாழ்ந்த ஸ்கந்தாசிரமத்துக்கு ஏறும் கற்பாதையில் கால் வைத்ததும் அந்த எரிச்சல் பறந்துவிடும். அப்படி ஒரு நிழல்! ஒரு காலத்தில் பாறையும் புல்லுமாகக் கிடந்த சரிவு இது. உள்ளூர்த் தொண்டர்கள், ஃபாரஸ்ட் வே போன்ற அமைப்புகள், வனத்துறை என்று பலர் கை சேர்ந்து மீட்ட காடு.

வெளியூர்க்காரர்கள் எல்லோரும் நடவுக்குத்தான் ஆசைப்படுகிறார்கள். நடவு சுலபம். மழைக்கு முன்பே ஒன்றரை அடி ஆழக் குழி, வடகிழக்குப் பருவமழையில் மண் நன்றாக நனைந்த பிறகு கன்று. பையைக் கிழித்ததும் வேர் சுருண்டிருந்தால் நுனியை வெட்டிவிட வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் பிறை வடிவில் வரப்பு கட்டினால்தான் மழைநீர் நிற்கும். ஈரம் காக்கக் கன்றைச் சுற்றிப் பரப்பும் மூடாக்குப் புல் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளியே இருக்கட்டும்; ஒட்டினால் ஈரம் தேங்கிப் பட்டை அழுகும்.

காட்டைக் காப்பாற்றுவது மழை நின்று கோடை தொடங்கும்போது செய்கிற வேலைதான். மலையெங்கும் எலுமிச்சை மணக்கும் புல், ஆளுயரத்துக்கு. எண்ணெய்ச் சத்துள்ள புல், காய்ந்தால் குப்பென்று பற்றிக்கொள்ளும். யாரோ ஏற்றிய கற்பூரம், யாரோ வீசிய பீடி போதும், பல வருட உழைப்பு ஒரு மத்தியானத்தில் கரிதான். அந்த அலட்சியத்துக்கு மன்னிப்பே கிடையாது.

அதனால்தான் தீத்தடுப்புக் கோடு. நாலைந்து மீட்டர் அகலத்துக்குப் புல்லை அறுத்து, மண் தெரியும்வரை கூட்ட வேண்டும். அறுத்த புல்லைக் கோட்டிலேயே போட்டுவிட்டால் அதுவே திரியாகிவிடும். ஒரு தடவை கூட்டியதோடு வேலை முடியாது; மரங்கள் இலை உதிர்க்கும் மாதங்களில் கோடு மறுபடி சருகால் மூடிவிடும், திரும்பவும் கூட்டியாக வேண்டும். முதுகு ஒடிகிற வேலை, போட்டோவுக்கும் அழகாக இருக்காது. ஆனால் ஆள் பற்றாத வேலை இதுதான்; பிப்ரவரியில் போகச் சொன்னதும் இதற்காகத்தான்.

தீ பிடித்துவிட்டால் பழகியவர்கள் சொல்படி மட்டும் நடங்கள். நெருப்பு மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும். அதற்கு மேலே நிற்கவே கூடாது. பக்கவாட்டில் நின்று பச்சைத் தழையால் அழுத்தி அடிக்க வேண்டும். ஓங்கி வீசினால் பொறி பறந்து இன்னோர் இடத்தில் பிடிக்கும். அணைந்த பிறகும் கட்டைகள் புகைந்துகொண்டே இருக்கும் என்பதால் காவல் இருந்தாக வேண்டும்.

இது காப்புக்காடு. அனுமதி இல்லாமல் தனியாக ஏறாதீர்கள், அங்கே வேலை செய்யும் அமைப்புகளிடம் முன்கூட்டியே பேசிவிட்டுப் போங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை, கெட்டியான ஷூ, ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். நைலான், பாலியெஸ்டர் துணி வேண்டாம், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.