வழுக்கும் கிளட்ச்: முதலில் கேபிளைப் பாருங்கள்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பைக்கில் ஏறும்போது, ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் இன்ஜினின் இரைச்சல் மட்டும் உயர்ந்து வண்டியின் வேகம் கூடாமல் நின்றால், இன்ஜினின் விசையைச் சக்கரத்துக்குக் கடத்தும் கிளட்ச் பிடிமானமின்றி வழுக்குகிறது என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். சமதளத்தில் டாப் கியரில் மெதுவாகச் செல்லும்போது சட்டென்று முறுக்கினாலும் இதே அறிகுறி தெரியும்.

உடனே இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை. பல வண்டிகளில் கிளட்ச் லிவரின் அடிப்பகுதியில் 2 முதல் 3 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், கையை எடுத்த பின்னும் கேபிள் இழுபட்டே இருந்து, கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளின் அழுத்தம் அவற்றுக்கு முழுமையாகச் சென்றடையாது. அடுத்தது ஆயில்: கார்களுக்கான ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் இருப்பதால், ஆயிலில் நனைந்தபடியே இயங்கும் கிளட்சுக்கு, பைக் ஆயில்களுக்கான ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 தான் ஏற்றது.

என் வண்டியில் இவை இரண்டும் சரியாகவே இருந்தன. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது, கார்க் பிளேட்டுகள் தேய்ந்து மெலிந்திருந்ததோடு, அவற்றுக்கு இடையிலான எஃகுத் தகடுகளில் சூட்டினால் நீலம் பாய்ந்திருந்தது. ஸ்பிரிங்குகளையும் சேர்த்தே மாற்றினோம். சூடு பட்ட ஸ்பிரிங் நீளம் குறைந்து அழுத்தத்தை இழக்கும் என்பதால், அங்கே காசை மிச்சம் பிடிப்பது வீண். புதிய பிளேட்டுகளை ஆயிலில் நன்றாக ஊறவைக்காமல் பொருத்துவதற்கு, மெக்கானிக் எவ்வளவு அவசரப்பட்டாலும், நான் சம்மதிப்பதில்லை. பொருத்திய பின் கேபிளின் தளர்வை மறுபடியும் அளந்து சரிசெய்தோம்.