கைக்கயிறு முடிச்சு: இதுவரை வந்தது

வண்ண நூல்களை முடிந்து முடிந்து கையில் கட்டும் கயிறு போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். அதில் ஆங்கில 'V' வடிவ வரிகள் ஒருவழியாகக் கைக்குப் பிடிபட்டுவிட்டன. ஒன்றைக் கட்டிக்கொண்டு வெளியே போனால், பக்கத்து வீட்டம்மா "எந்தக் கோயில்ல கண்ணு கட்டுனாங்க?" என்கிறார்.

திருப்பூரில் இருந்துகொண்டு நூலைக் காசு கொடுத்து வாங்குவதா என்று பனியன் வேஸ்ட்டில்தான் ஆரம்பித்தேன். விரலகலத்துக்குக் குறுக்கே வெட்டி இழுத்தால், ஓரம் தானாகச் சுருண்டு உருண்டைக் கயிறாகிவிடும். ஜடைப் பின்னலுக்கு அருமை. முடிச்சுக்கு ஆகாது; இழுக்க இழுக்க நீளும், கையில் கட்டினால் தடியாகத் தெரியும்.

அப்புறம் எம்ப்ராய்டரி நூலுக்கு மாறினேன். ஆங்கர் நூல் ஒரு கட்டு 8 மீட்டர், ஆறு இழை. பூப்போடுகிறவர்கள் இழையைப் பிரிப்பார்கள். இதற்கு ஆறையும் சேர்த்தே எடுக்க வேண்டும். நாலு நிறத்தில் 160 செ.மீ. வீதம் வெட்டி, பாதியாக மடித்து, மடிப்பில் காது மாதிரி ஒரு வளையம் விட்டு முடிந்தால் எட்டு நூல். காதைச் சேஃப்டி பின்னில் மாட்டித் தலையணையில் குத்திக்கொண்டால் உட்காரலாம்.

நாலு நிறமும் இரண்டு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி ஒரே வரிசையில் வர வேண்டும். இடது ஓர நூலை அடுத்த நூலின்மேல் 4 மாதிரி வைத்து, அடியில் விட்டு, வளையத்துக்குள் எடுத்து மேலே ஏற்ற வேண்டும். அதே ஜோடியில் இன்னொரு தடவை. இந்த இரண்டாவதை விட்டால் முடிச்சு ஓரிடத்தில் நிற்காது. அதே ஓர நூலால் அடுத்தடுத்த நூலிலும் இப்படியே முடிந்து நடுவரை போக வேண்டும். வலப்பக்கம் இதையே திருப்பிப் போட்டு, நடுவில் சந்திக்கும் இரண்டையும் முடிந்தால் ஒரு வரி.

சூட்சுமம் இடது கையில் இருக்கிறது. முடிகிற நூலின் நிறம்தான் வெளியே தெரியும். விறைப்பாகப் பிடித்த நூல் உள்ளே மறைந்துவிடும். பவானி ஜமக்காளத்தில் குறுக்கே போகும் ஊடை நூல், நெடுக்கே இருக்கும் பாவு நூலை மூடுவதைப் பார்த்தவர்களுக்குச் சட்டெனப் புரியும். பிடித்த நூலைத் தளர்த்திவிட்டு மற்றதை வெடுக்கென இழுத்தால் முடிச்சு அப்படியே இடம் மாறி, உள்ளே இருக்க வேண்டிய நிறம் வெளியே வந்துவிடும். எல்லாம் முடிந்தபின் நுனிகளை இரண்டு ஜடையாகப் பின்னிக் காதுக்குள் விட்டுக் கட்டுகிறேன். நனைந்தால் இறுகும், ஒரு விரல் நுழைய இடம் விடணும்.

அடுத்து, கயிற்றில் எழுத்து போடுவது. கட்டம் போட்ட நோட்டில் வரைந்து பார்க்கிறேன். ப, ட நேர்கோடு, தொந்தரவில்லை. அண்ணன் மகள் தன் பெயரைக் கேட்கிறாள், அதில் வளைந்து நெளியும் 'ஜி' வருகிறது. இப்போதைக்கு 'பட்டு' என்று போட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்றிருக்கிறேன்.